பொழித் தகராறும் நூற்று நாற்பத்தைந்தும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. வேலித் தகராறு அடிதடி வரை போய்விட்டது, காவல் நிலையம் கோட்டாட்சியருக்கு எழுதி அனுப்பியது, அங்கே போன கோப்பு அங்கேயே நிற்கிறது, இனி என்ன செய்வது? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். எழுதியவர்களின் பெயரையும் கிராமத்தையும் விட்டிருக்கிறேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அவை அச்சில் வருவது யாருக்கும் நல்லதல்ல.

காங்கேயம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்: எங்களுக்கு நாலரை ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் காடு) உள்ளது. பத்திரம் என் தகப்பனார் பெயரில் இருந்து எனக்கு வந்தது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறேன். போன வருடம் ஆவணிக் கடைசியில், வடக்குப் பொழியில், அதாவது எல்லை வரப்பில், இருந்த கிளுவை வேலியைப் பக்கத்துக் காட்டுக்காரர் பிடுங்கி எறிந்துவிட்டு, ஏறக்குறைய அறுபது சென்ட் அளவுக்கு உழுது சோளம் விதைத்துவிட்டார். கேட்கப் போன இடத்தில் கைகலப்பாகி, இரண்டு பக்கமும் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தோம். புரட்டாசி முடிவதற்குள் ஆய்வாளர் அறிக்கை கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. பதினான்கு மாதம் ஆகிறது. ஒன்பது வாய்தா போட்டாயிற்று. இன்னும் ஓர் உத்தரவும் வரவில்லை. இதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லையா?

பதில்: இல்லை. இந்தப் பக்கங்கள் முழுவதிலும் நான் சொல்லப் போவதன் வேர் அந்த இல்லாமையில்தான் இருக்கிறது.

ஊர் வழக்கில் 'நூத்தி நாப்பத்தஞ்சு கேஸ்' என்கிறோமே, அது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால், இப்போது அது 164-ஆம் பிரிவு. ஆனாலும் அலுவலக எழுத்தர் முதல் வழக்காடும் கட்சிக்காரர் வரை எல்லோர் வாயிலும் பழைய எண்தான் வருகிறது. நானும் பழைய எண்ணிலேயே எழுதுகிறேன்.

நிலம், நீர், அவற்றின் எல்லை ஆகியவை பற்றிய தகராறு ஒன்றினால் பொது அமைதி கெடக்கூடும் என்று காவல்துறை அறிக்கையிலிருந்தோ வேறு தகவலிலிருந்தோ நிர்வாக நடுவர் (இங்கே கோட்டாட்சியர்) நம்பினால், அதற்கான காரணங்களை எழுதி முதனிலை உத்தரவு ஒன்றைப் பிறப்பிக்க வேண்டும். அதன் ஒரு பிரதி கட்சிக்காரர்களுக்குச் சார்வு செய்யப்பட, அதாவது முறைப்படி கையில் சேர்க்கப்பட, வேண்டும். இன்னொரு பிரதி தகராறுக்குரிய இடத்திலோ அதன் அருகிலோ பார்வையில் படும்படி ஒட்டப்பட வேண்டும். அதன் பிறகு அவர் விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த உத்தரவுத் தேதியில் நிலம் யார் சுவாதீனத்தில், அதாவது யார் கைவசம், இருந்தது? யாருக்குச் சொந்தம் என்பது அவர் வேலையல்ல.

உங்களைப் போலப் பறிகொடுத்தவர்களுக்குச் சட்டம் ஒரு கைப்பிடியைக் கொடுத்திருக்கிறது. காவல்துறை அறிக்கை நடுவருக்குக் கிடைத்த தேதிக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள், அல்லது அந்தத் தேதிக்கும் உத்தரவுக்கும் இடைப்பட்ட காலத்துக்குள், ஒருவர் பலவந்தமாகவும் முறைகேடாகவும் வெளியேற்றப்பட்டிருந்தால், உத்தரவுத் தேதியில் அவரே சுவாதீனத்தில் இருந்ததாக நடுவர் கருதலாம். உங்கள் வேலி போனது ஆவணிக் கடைசி, அறிக்கை போனது புரட்டாசி. ஆகவே நீங்கள் கெடுவுக்குள் இருக்கிறீர்கள், பதினான்கு மாதத் தாமதம் அதைக் கெடுக்காது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த இரண்டு மாதம் நடுவரின் உத்தரவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டது. அலுவலகம் தூங்கினால் பறிகொடுத்தவன் உரிமை போகும் என்றிருந்த அந்த நிலையை, 1973-இல் ஒரே சொற்றொடரை மாற்றிச் சரிசெய்தார்கள். நடைமுறைச் சட்டத்தில் ஒரு வரியைத் திருத்தினால் எவ்வளவு ஆகும் என்பதற்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: முதனிலை உத்தரவு உண்மையில் பிறப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கோப்பைப் பார்த்து, அதன் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பல அலுவலகங்களில் வெறும் விசாரணை அறிவிப்பு மட்டும் அனுப்பி, வாய்தா மேல் வாய்தா போட்டுக்கொண்டிருப்பார்கள், முதனிலை உத்தரவே இருக்காது. அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பிய கதை அது. உத்தரவு இல்லையென்றால் அதைக் கோரி எழுத்தில் மனுக் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கும்படி ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, பத்திரம், பட்டா எதையும் விவாதிக்காமல், 'என்னைச் சட்டவிரோதமாக வெளியேற்றினார்கள்' என்ற ஒரே காரணத்தில் சுவாதீனத்தைத் திரும்பப் பெற முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குக் கெடு வெளியேற்றிய நாளிலிருந்து ஆறு மாதம். கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காத்திருந்த நேரத்தில் அந்த வாசல் உங்களுக்கு மூடிவிட்டது. பத்திரத்தின் பேரில் சுவாதீனம் கேட்கும் வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதால் முழுதும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த வழக்கு எத்தனை காலம் நடக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்: பட்டா என் பெயரில் இருக்கிறது, சிட்டா எடுத்துக் கொடுத்தேன். "பட்டாவை இங்கே பார்க்க முடியாது, யார் உழுகிறார்கள் என்றுதான் பார்ப்போம்" என்கிறார் விசாரிக்கும் அதிகாரி. பட்டா கொடுத்த அலுவலகமே பட்டாவைப் பார்க்க மாட்டேன் என்றால் என்ன நியாயம்?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அதிகாரி சொன்னது பாதி சரி. இந்த நடவடிக்கையில் அவர் நிலத்தின் உரிமையாளரைத் தேடவில்லை, அமைதி கெடாமல் இருக்க நிலத்தை இருந்தபடியே நிறுத்திவைக்கிறார். படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லவில்லை. பட்டா அவருக்குச் சுவாதீனத்தைக் காட்டும் பல ஆவணங்களில் ஒன்றே தவிர, வழக்கை முடிக்கும் ஆவணம் அல்ல. கிராம நிர்வாக அலுவலர் பசலி (வருவாய் ஆண்டு) வாரியாக எழுதும் அடங்கலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று இருக்கிறதோ அதற்கு இங்கே பட்டாவைவிட எடை கூடும். மின் இணைப்பு, கிணற்று மோட்டார், பயிர்க்கடன் காகிதங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

பாதி தவறு என்னவென்றால், பட்டாவைப் 'பார்க்க முடியாது' என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. பார்க்கலாம், சுவாதீனத்துக்குச் சான்றாக மட்டும். குழப்பம் வருவதற்குக் காரணமும் அமைப்பிலேயே இருக்கிறது. தாசில்தாரின் பட்டா உத்தரவின் மேல் மேல்முறையீட்டைக் கேட்பவரும் கோட்டாட்சியர்தான், 145-இல் நிர்வாக நடுவராக உட்காருபவரும் கோட்டாட்சியர்தான். ஒரே மேசை, ஒரே எழுத்தர், சில சமயம் ஒரே மனு. பட்டாவை ரத்துசெய், சுவாதீனத்தைக் கொடு, எதிரியைக் கைதுசெய் என்று மூன்று கோரிக்கையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிலும் அதற்கேற்றபடி ஒரே வரியில் வரும்: 'உரிய உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளுமாறு தெரிவிக்கப்படுகிறது.' தனித்தனி மனுவாகக் கொடுங்கள்.

வெள்ளக்கோவில் பகுதியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியை (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை) கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். நிலம் அவர்களுடையது என்று வாதமில்லை, தடம்தான் எங்களுக்கு வேண்டும். இதற்கும் அதே சட்டமா?

பதில்: அதற்கு அடுத்த வீட்டுக்காரர், 147-ஆம் பிரிவு. புதிய எண் 166. நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறு அதில் வரும். வண்டித்தடம், வாய்க்கால் தண்ணீர், பங்குக் கிணற்றில் முறை எல்லாமே இதற்குள் அடங்கும். எப்போதும் பயன்படுத்தக்கூடிய உரிமையென்றால், நடுவருக்குத் தகவல் கிடைப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் உரிய உரிமையென்றால் கடைசியாக வந்த பருவத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் மண்டலம் மாற்றி மண்டலம் தண்ணீர் விடுவதால், உங்கள் மண்டலத்துக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது, அப்போது உங்கள் வாய்க்காலில் பாய்ந்ததா என்பதே வழக்கின் உயிர்நிலை. ஆகவே பாசனச் சங்கத்தின் முறைப் பதிவைத் தேடி எடுத்து வையுங்கள்.

தடத்துக்கு மட்டும் ஒரு யோசனை. பழைய பம்பாய் மாகாணத்தில் 1906-இல் வந்த மாம்லத்தார் நீதிமன்றச் சட்டம் மகாராஷ்டிரத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வயலுக்குப் போகும் வழியையோ பாயும் நீரையோ ஒருவர் மறித்தால், ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுத்து, தாசில்தார் நிலையில் உள்ள அதிகாரியிடமே தடையை அகற்றும் உத்தரவு வாங்கலாம். அமைதி கெடும் என்று காவல்துறை எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்மிடமோ, தடம் கேட்பவன் முதலில் சண்டைக்குப் போக வேண்டும், அப்போதுதான் அவன் வழக்கு வழக்காகிறது. அமைதியாக இருப்பவனுக்கு வாசலை அடைத்துவிட்டு, கம்பு எடுத்தவனுக்குத் திறந்துவிடும் சட்டம் கொஞ்சம் கோணலானதுதான்.

அவிநாசியிலிருந்து ஒரு வாசகர்: முன்சீப் கோர்ட்டில் நாங்கள் போட்ட வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டி, கோட்டாட்சியர் 145 நடவடிக்கையைக் கைவிட்டுவிட்டார். எதிர்த்தரப்பு இப்போது துணிச்சலாக உள்ளே வருகிறது.

பதில்: உச்ச நீதிமன்றம் 1985-இல் ராம் சுமேர் பூரி மகந்த் வழக்கில் சொன்னதைத்தான் அவர் பின்பற்றியிருக்கிறார். சுவாதீனக் கேள்வியை உரிமையியல் நீதிமன்றம் கையில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு இணையாகக் குற்றவியல் நடவடிக்கை ஓடக் கூடாது என்பது அதன் சாரம். 2000-இல் அம்ரேஷ் திவாரி வழக்கிலும் அதுவே உறுதிசெய்யப்பட்டது. நீங்கள் செல்ல வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம் அல்ல, உங்கள் முன்சீப் கோர்ட். இடைக்காலத் தடை கேட்டு மனுப் போட்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. போடாமல் வழக்கை மட்டும் நம்பர் வாங்கி வைத்திருந்தால், அந்த வழக்கு உங்களைக் காப்பாற்றாததோடு, மற்ற வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஈரோட்டிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி: இந்த நடைமுறையைச் சீர்திருத்த வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். எதை மாற்றினால் உண்மையில் பயன் இருக்கும்? 145-ஐ எடுத்துவிட்டு எல்லாவற்றையும் நீதிமன்றத்திடமே கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: எடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் சொல்வதற்கு முன், இதற்கு முன் ஒரு முறை இதைத் திருத்திப் பார்த்த கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பாடப் புத்தகங்கள் அதை ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடுகின்றன.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடுவர் சாட்சிகளை நேரில் விசாரித்து, சுவாதீனத்தை முடிவுசெய்து வந்தார். அது இழுத்தடிக்கிறது என்று 1955-இல் திருத்தினார்கள். வாய்மொழிச் சாட்சியத்துக்குப் பதிலாகப் பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) போதும் என்றார்கள். விசாரணையை இயன்றவரை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். நடுவரால் முடிவுக்கு வர இயலாவிட்டால், கோப்பை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அது இயன்றவரை மூன்று மாதத்தில் தன் முடிவைத் திருப்பியனுப்ப வேண்டும் என்றும் வகுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சீரான ஏற்பாடு கிடையாது. 1973-இல் புதிய சட்டம் எழுதும்போது மூன்றையுமே எடுத்துவிட்டார்கள். பிரமாண வாக்குமூலம் காகிதப் போராக மாறும் என்பது அனுபவம் உள்ள எவருக்கும் தெரியும். ஒரே வழக்கறிஞர், ஒரே தட்டச்சு, இருபது சாட்சிகள், இருபதிலும் ஒரே வாக்கியம், குறுக்கு விசாரணை மட்டும் கிடையாது. நீதிமன்றத்துக்குப் போன கோப்பு நடுவரிடமே திரும்பி வர வேண்டும் என்பதால், ஒரே தகராறு இரண்டு வாசலிலும் நின்றது. ஆனால் நோய்க்குப் பயன்படாத மருந்தை வெளியேற்றியபோது கெடுவையும் சேர்த்து வெளியேற்றியது தவறு. 2023-இல் புதிய சன்ஹிதா எழுதப்பட்டபோதாவது இதைச் சரிசெய்திருக்கலாம். 145-ஐ ஏறக்குறைய அப்படியே எடுத்து 164 என்று எண் மாற்றியதோடு நின்றுவிட்டார்கள்.

இனி என் கருத்து. இந்த வேலையின் முதல் பாதியைக் கோட்டாட்சியரே செய்ய வேண்டும். ஏனென்றால் நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் காவல்துறையும் அவருக்கு ஒரு தொலைபேசி தூரத்தில் இருக்கிறார்கள். நீதிபதி ஓர் ஆணையரை நியமித்து, அவருக்குக் கட்டணம் நிர்ணயித்து, அவர் நிலத்துக்குப் போவதற்குள் பயிர் அறுவடையாகிவிடும்.

இதை நான் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொறங்காட்டுத் தகராறில் என் கட்சிக்காரருக்காக நிலத்துக்குப் போயிருந்தேன். முதனிலை உத்தரவின் பிரதியை மோட்டார் ரூம் கதவில் ஒட்டியிருந்தார்கள், ஆடு அதன் கீழ்ப் பாதியைத் தின்றிருந்தது. இரண்டு தரப்பும் கொண்டுவந்த காகிதம் ஒரு பை நிறைய. அதிகாரி அதில் ஒன்றையும் திறக்கவில்லை. வேலி இருந்த வரிசையில் நடந்துபோய், தரையோடு தரையாக வெட்டப்பட்டிருந்த கிளுவைக் கட்டைகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம், "இந்த வேலி எப்பம்மா போச்சு?" என்று கேட்டார். "மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்டாங்கல்லங்க, அதுக்கு அடுத்த நாளுங்க" என்றார் அவர். மூன்று வருடமாக அங்கே வேலியே இல்லை என்று பிரமாண வாக்குமூலத்தில் எழுதியிருந்த எதிர்த்தரப்பு, அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. விசாரணை ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிட்டது. அந்த அதிகாரி போனது அறிக்கை கிடைத்த ஒன்பதாம் நாள். ஒன்பது மாதம் கழித்துப் போயிருந்தால் கட்டை காய்ந்திருக்கும், அல்லது பிடுங்கப்பட்டிருக்கும், பெரியம்மாவுக்குத் தேதி மறந்திருக்கும்.

ஆகவே முதல் திருத்தம் இங்கேதான் வர வேண்டும். காவல்துறை அறிக்கை கிடைத்த பதினைந்து நாளுக்குள், நில அளவரோடு நேரில் நிலத்தைப் பார்த்து, படம் எடுத்து, புல வரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதி, முதனிலை உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அல்லது பிறப்பிக்க மறுப்பதற்குக் காரணத்தை எழுத வேண்டும். தலத்துக்குக் கீழ்நிலை நடுவர் ஒருவரை அனுப்பி அறிக்கை வாங்க 148-ஆம் பிரிவு, புதிய எண் 167, இப்போதே இடம் தருகிறது, அந்த அறிக்கையைச் சாட்சியமாகப் படிக்கவும் இடம் தருகிறது. 'செய்யலாம்' என்பதைச் 'செய்ய வேண்டும்' என்று ஆக்குவது மட்டுமே பாக்கி.

இரண்டாவது, இரண்டு மாதக் கெடு திரும்ப வர வேண்டும். ஆனால் 'இயன்றவரை' என்ற அந்தப் பழைய சொல்லோடு அல்ல. அந்தச் சொல் உள்ள எந்தக் கெடுவும் கெடுவே அல்ல என்று இத்தனை ஆண்டு வாய்தாவில் கற்றுக்கொண்டேன். கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று சட்டமே சொல்ல வேண்டும்: கோப்பு, தலக் குறிப்பு, படங்கள், அடங்கல் எல்லாம் அப்படியே அந்த எல்லைக்குரிய முன்சீப் கோர்ட்டுக்குப் போய், அங்கே இடைக்காலச் சுவாதீன மனுவாக எண்ணிடப்பட வேண்டும். மறுபடியும் கோட்டாட்சியரிடம் திரும்பி வரக் கூடாது. 1955-இல் அதை இருவழிப் பாதையாக வைத்ததே தவறு, இது ஒருவழிப் பாதையாக இருக்கட்டும். கோப்பு வந்த நாளிலிருந்து, யார் கையில் நிலம் என்ற கேள்விக்கு நீதிமன்றமே பொறுப்பு.

மூன்றாவது, மேலே காங்கேயம் வாசகருக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக் கூடாது. 145 நிலுவையில் இருந்த காலத்தை ஆறு மாதக் கெடுவிலிருந்து கழித்துவிட வேண்டும். காலவரையறைச் சட்டத்தில் ஒரு வரி போதும்.

நான்காவதாக ஒன்று, பலர் கவனிக்காதது. 146-ஆம் பிரிவின்படி, அதாவது புதிய 165-இன்படி, அவசரம் என்று கருதினாலோ, யாருமே சுவாதீனத்தில் இல்லை என்றோ, யார் என்று தெளிவுபடுத்திக்கொள்ள இயலவில்லை என்றோ முடிவுக்கு வந்தாலோ, நடுவர் நிலத்தைப் பற்றுகை செய்யலாம், அதாவது இரு தரப்பும் தொடாதபடி தன் பொறுப்பில் எடுத்துவைக்கலாம். அவசரத்துக்காகப் பற்றுகை செய்ததோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை, தொடர்ந்து நடத்தி முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் மதுராலால் வழக்கில் சொல்லிவிட்டது. நடப்பில், பற்றுகை உத்தரவு போட்டதும் கோப்பு பரணுக்குப் போகிறது. இரண்டு தரப்பும் உழ முடியாமல், வேலிக்காத்தான் முளைத்து, அடர்ந்து, கடைசியில் அதை வெட்டி விற்பது யார் என்பதில் அடுத்த சண்டை வருகிறது. பற்றுகைக்கு ஆறு மாத ஆயுள் வைத்து, அதற்குள் நீதிமன்றம் நீட்டிக்காவிட்டால் தானாகவே காலாவதியாகும் என்று எழுதலாம்.

சாட்சியத்தைப் பொறுத்தவரை நான் இரண்டு கட்சிக்கும் நடுவே நிற்கிறேன். வாக்குமூலம் எழுத்தில் வரட்டும், ஆனால் தரப்புக்கு இரண்டு சாட்சிகளையாவது எதிர்த்தரப்பு நேரில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். புதிய சன்ஹிதாவின் 530-ஆம் பிரிவு நடவடிக்கைகளைக் காணொளி வழியே நடத்த இடம் தருவதால், தாராபுரத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சாட்சி வர வேண்டியதும் இல்லை.

கோட்டாட்சியருக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். தேர்தல், தேர்த்திருவிழாப் பாதுகாப்பு, நில எடுப்பு, பட்டா மேல்முறையீடு எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் நடுவராகவும் இருக்கிறார் என்பது உண்மைதான். வாரத்தில் ஒரு நாளை இந்த வேலைக்கு மட்டும் ஒதுக்கி, அந்த நாளின் வழக்குப் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்: தாசில்தார் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டோம். பங்காளிகள் ஆயிற்றே என்று நானும் ஒரு கிணற்று முறையை விட்டுக்கொடுத்தேன். மூன்றே மாதத்தில் எதிர்த்தரப்பு மீறிவிட்டது. அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

பதில்: சாட்சியமாக மதிப்பு உண்டு, கட்டளையாக மதிப்பு இல்லை. அமைதிப் பேச்சுவார்த்தைக் குறிப்பு தீர்ப்பாணை ஆகாது, அதை வைத்து நிறைவேற்று மனுப் போட முடியாது. பேச்சு முடிந்த கையோடு வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மனு எழுதியிருந்தால், வழக்குத் தொடராமலேயே அது மக்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி அங்கே பதிவாகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடும் கிடையாது. இன்னும் தாமதமில்லை. தாசில்தார் குறிப்பின் நகலை இணைத்து இப்போதும் மனுக் கொடுங்கள். எதிர்த்தரப்பு வர மறுத்தால் உங்களுக்கு இழப்பு ஒரு நாள் மட்டுமே.

பங்காளிகளுக்கு இன்னொரு செய்தி. நிலம் பிரிக்கப்படாமல் கூட்டுச் சுவாதீனத்தில் இருந்தால் 145 பொதுவாகப் பொருந்தாது. அங்கே பாகப் பிரிவினை வழக்குத்தான் வழி. ஆனால் கிணற்றில் முறை பற்றிய உங்கள் தகராறு 147-இல் வரக்கூடும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தகராறு தென்னந்தோப்பு பற்றியது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. தேங்காய் காத்திருக்காது. யார் வெட்டுவது?

பதில்: இரண்டு பேருமே வெட்டக் கூடாது. அதற்காகக் காய் தானாக விழுந்து கிடக்கவும் வேண்டியதில்லை. 145-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. தகராறில் உள்ள பயிரோ விளைபொருளோ விரைவில் கெடக்கூடியது என்று கருதினால், அதைப் பாதுகாப்பில் வைக்கவோ விற்கவோ நடுவர் உத்தரவிடலாம். விசாரணை முடிந்ததும் விற்ற பணத்தை என்ன செய்வது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். எனவே அடுத்த வெட்டு நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஒரு மனுக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் காய் வெட்டி, எண்ணி, அன்றைய விலைக்கு விற்று, வெட்டுக்கூலியும் சுமைக்கூலியும் போக மீதியை அரசுக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று அதில் தெளிவாகக் கேளுங்கள். எத்தனை மரம், எத்தனை குலை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் எண்ணிக்கையில் அடுத்த தகராறு தொடங்கும்.